கல்யாணப் பத்திரிகையில் சிக்கிய தாத்தா

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்கு அனுபவத்தை எழுதித் தாருங்கள் என்று நம் வாட்ஸாப் குழுவில் என்னைக் கேட்டிருக்கிறீர்கள். கேட்டவர்களில் இரண்டு பேர் எம்.பி.ஏ. நானோ எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டவள். என்னிடம் வந்து கேட்கிறீர்கள் என்றால் உங்கள் நிலைமை எவ்வளவு மோசம் என்று எனக்குப் புரிகிறது. எழுதுகிறேன்.

பாளையங்கோட்டையில் ஒரு மாடிக் கடையில் உட்கார்ந்து இருபது வருடத்துக்கு மேல் கணவன் மனைவி விசாக் கோப்புகள் தயார் செய்தேன். வெளிநாட்டில் குடியேறிய மாப்பிள்ளை, ஊரில் இருக்கும் பெண்டாட்டியை அங்கே நிரந்தரமாக அழைத்துக்கொள்ள மனுப் போடுவான். சில வீட்டில் நர்ஸ் பெண் அங்கே இருப்பாள், புருஷன் இங்கே ஏக்கத்தோடு ஊர் சுற்றிக்கொண்டிருப்பான். இருவரையும் சேர்த்துவைக்கும் புண்ணிய காரியம் நம்முடையது. எந்தக் கட்டத்தில் என்ன நிரப்புவது என்று நான் சொல்லப்போவதில்லை. அது அடிக்கடி மாறும், நீங்கள் படித்தவர்கள், படித்துக்கொள்வீர்கள். படிப்பில் வராத பாடம் ஒன்று இருக்கிறது. பயம். அதில் எனக்கு ஈடு இந்த மாவட்டத்தில் யாரும் இல்லை. வீட்டைப் பூட்டிவிட்டு மூன்று தடவை இழுத்துப் பார்ப்பேன். பிறகு பஸ் ஸ்டாப் வரை போய்விட்டு நான்காவது தடவை இழுத்துப் பார்க்கத் திரும்பி வருவேன்.

நம் வேலை என்ன? இந்தக் கல்யாணம் நிஜம் என்று, நம் ஊர்க் கல்யாணம் ஒன்றையும் பார்த்திராத ஒரு அதிகாரியை நம்பவைப்பது. ஆதாரம் கேட்பார்கள். ஆல்பத்தில் அறுநூறு படம் இருக்கும். அதில் ஐநூற்றைம்பதில் மணமக்களை மறைத்துக்கொண்டு யாராவது ஒரு சித்தப்பா நிற்பார். மிச்சத்தில் மாப்பிள்ளையும் பெண்ணும் கோர்ட்டில் தீர்ப்புக்குக் காத்திருப்பவர்கள் மாதிரி இருப்பார்கள். அன்பாகப் பேசிக்கொண்டதற்கு ஆதாரம் கேட்டால் வாட்ஸாப்பை அச்செடுத்துக் கொண்டுவருவார்கள். நானூறு பக்கம். "சாப்டியா", "சாப்டேன்", "நீ", "இனிமேதான்". இதை நான் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து, சரியான மொழிபெயர்ப்பு என்று சத்தியம் வேறு செய்து நோட்டரி வக்கீலிடம் கையெழுத்து வாங்கி வைத்திருக்கிறேன்.

ஒரு தடவை, கல்யாணமான ஒரே மாதத்தில் பெண் ஏன் தாய் வீட்டுக்குப் போய்விட்டாள், சண்டையா என்று கேட்டு எழுதிவிட்டார்கள். சண்டை ஒன்றுமில்லை, ஆடி மாதம். புது ஜோடியை ஆடியில் பிரித்துவைப்பது வழக்கம், பெரியவர்கள்தான் பிரித்துவைத்தார்கள் என்று விளக்கி எழுதினேன். ஒன்றாக இருக்கிறார்கள் என்று நிரூபிக்க, சொந்தக்காரர்களே கூடிப் பிரித்ததை ஆதாரமாகக் காட்டிய பெருமை எனக்கு உண்டு. அந்தக் கோப்பு பிழைத்தது. அதில் இருந்தது முழு உண்மை என்பதால் பிழைத்தது என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை. என் கெட்டிக்காரத்தனத்தால் பிழைத்தது என்று நினைத்துக்கொண்டேன். அடுத்து வந்த மாரிச்செல்வி கோப்பில் அதற்குப் பலன் கிடைத்தது.

மாரிச்செல்வி ராதாபுரம் பக்கத்துப் பெண். புருஷன் இசக்கிமுத்து கனடாவில் லாரி ஓட்டுகிறான், அங்கே நிரந்தரக் குடியுரிமை வாங்கியவன். வந்து தாலி கட்டி, மூன்று வாரம் இருந்துவிட்டு, லீவு முடிந்து போய்விட்டான். பெண்ணைக் கூட்டிக்கொண்டு கடைக்கு வந்தவள் மாமியார் பேச்சியம்மாள். முருங்கைத் தோட்டத்தில் காய் பறிக்கிறவள். குரல் மட்டும் மைக் செட் தேவைப்படாத குரல்.

பாரத்தில் ஒரு கேள்வி, கணவனை முதலில் எப்படிச் சந்தித்தீர்கள் என்று. கேட்டேன். மாரிச்செல்வி முழித்தாள்.

"சந்திச்சதா? என்னக்கா இது? நான் பொறக்கும்போது அவரு முத்தத்துல கோலி ஆடிட்டு இருந்திருப்பாரு."

"ஏம்மா, நீங்க பக்கத்து வீடா?"

பேச்சியம்மாள் முந்திக்கொண்டாள். "பக்கத்து வீடா? ஏளா, இவ எங்கண்ணன் மவ. பத்து வயசுல தாய் போயிட்டா. நாந்தான் வளத்தேன். எங்கண்ணன் மவள எம்மவனுக்குக் கட்டாம வேற எவனுக்குக் கட்டிக் குடுப்பேன்?"

அத்தை மகன், மாமன் மகள். நம் ஊரில் இதற்கு வாழ்த்துச் சொல்வார்கள். எனக்கோ பயம் பிடித்துக்கொண்டது. ஏனென்றால் அடுத்த கேள்வி, உங்கள் இருவருக்கும் இரத்த உறவு உண்டா என்பது. வெள்ளைக்காரன் நாட்டில் சொந்தத்தில் கட்டுவது கேவலம் என்று எப்போதோ யாரோ பஸ்ஸில் பேசிக்கொண்டு வந்தது என் காதில் விழுந்திருந்தது. பஸ்ஸில் பேசியவர் யார், என்ன படித்தவர், எந்த ஊரில் இறங்கினார் என்று எதுவும் தெரியாது. ஆனால் அவருடைய சட்ட அறிவின் மேல் எனக்கு அசைக்க முடியாத நம்பிக்கை.

'இல்லை' என்ற கட்டத்தில் டிக் அடித்தேன்.

அதோடு விட்டேனா? எப்படிச் சந்தித்தார்கள் என்பதற்கு ஒரு கதையும் எழுதினேன். நாகர்கோவிலில் நண்பர் ஒருவரின் கல்யாண வரவேற்பில், ஐஸ்கிரீம் வாங்கும் வரிசையில், முதல் பார்வை. இசக்கிமுத்துக்கு ஐஸ்கிரீம் தின்றால் பல் கூசும் என்பது எனக்குப் பிறகுதான் தெரியவந்தது.

"இது எதுக்குக்கா?" என்று மாரிச்செல்வி கேட்டாள். "உள்ளதச் சொன்னா என்ன?"

"நீ சின்னப் புள்ள. ஒனக்குத் தெரியாது. அக்கா இதுல எத்தனை வருஷம் கெடக்கேன்?" என்றேன். கையெழுத்துப் போட்டாள். அங்கே இசக்கிமுத்தும் படிக்காமலே போட்டான், அக்கா பார்த்துக்கொள்வாள் என்று. பிள்ளைகளே, 'அக்கா பார்த்துக்கொள்வாள்' என்று யாராவது உங்களை நம்பினால் முதலில் நீங்கள் உங்களை நம்பாதீர்கள்.

ஆதாரங்களைக் கட்டிவைத்தேன். கல்யாணப் பத்திரிகை முக்கியமான ஆதாரம். அதையும் என் கையாலேயே மொழிபெயர்த்து வைத்தேன். நம் பத்திரிகை எப்படி அச்சாகும் என்று உங்களுக்குத் தெரியும். இன்னாருடைய பேரன், இன்னாருடைய பேத்தி என்று செத்துப்போனவர்களும் முன்வரிசையில் நின்று அழைப்பார்கள். மாப்பிள்ளை, சிவனணைந்தபெருமாள் அவர்களின் மகள் வழிப் பேரன். பெண், சிவனணைந்தபெருமாள் அவர்களின் மகன் வழிப் பேத்தி. ஆங்கிலத்தில் அந்தப் பெயருக்கு இருபது எழுத்து. ஒரு எழுத்துகூடப் பிசகாமல் இரண்டு இடத்திலும் ஒன்றுபோல் அடித்தேன். சரிபார்த்தேன். மறுபடியும் சரிபார்த்தேன். எழுத்துப் பிழை வந்துவிடுமோ என்று பயந்து பயந்து பார்த்தவளுக்கு, ஒரே ஆள் இரண்டு பக்கமும் நிற்பது கண்ணில் படவில்லை.

அதிகாரி கண்ணில் பட்டது.

ஏழு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. உறவு இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள், பத்திரிகையில் இருவருக்கும் தாத்தா ஒருவராகத் தெரிகிறார், பொய்த் தகவல் தந்ததாக முடிவானால் ஐந்து வருடம் எந்த மனுவும் செய்ய முடியாது, முப்பது நாளுக்குள் விளக்கம் தரவும். மரியாதையான கடிதம். கடைசியில் நன்றிகூடச் சொல்லியிருந்தார்கள்.

நம் கடைகளில் ஒரு பழக்கம் உண்டு, நீங்களும் செய்கிறீர்கள், மறைக்காதீர்கள். வாடிக்கையாளர் பெயரில் நம் மின்னஞ்சலைக் கொடுத்து வைத்திருப்போம், அவர்களுக்குப் பார்க்கத் தெரியாது என்று. அதனால் அந்தக் கடிதம் என்னிடம் மட்டும் வந்தது. மூன்று வாரம் வாழ்ந்த கல்யாணம் ஐந்து வருடம் பாதியில் நிற்கப்போகிறது என்ற சேதி, சம்பந்தப்பட்ட இருவரையும் விட்டுவிட்டு, என்னைத் தேடி வந்திருந்தது.

நான் என்ன செய்தேன் தெரியுமா? படித்துவிட்டு, 'படிக்காதது' என்று மாற்றிவைத்தேன். கடிதம் அதை நம்பிக்கொண்டு கனடாவுக்கே திரும்பிப் போய்விடும் என்பது என் கணக்கு. இப்படி ஒன்பது நாள். தினமும் காலையில் திறப்பேன், படிப்பேன், படிக்காததாக்குவேன். பத்தாவது நாள் இசக்கிமுத்து லாரிக்குள் உட்கார்ந்து வீடியோவில் கூப்பிட்டான்.

"அக்கா, தபால் எதும் வந்துச்சா?"

"வரலப்பா. வந்தா சொல்ல மாட்டேனா?"

"சரிக்கா. இங்கன ஒரு வீடு பாத்து வச்சிருக்கேன். அவ வந்துட்டாச் சேத்து எடுத்துக்கிடலாம்னு. பைய வரட்டும், ஒண்ணும் அவசரமில்ல." சொல்லிவிட்டுச் சிரித்தான். அவசரமில்லை என்று சொல்கிறவன் வாரத்துக்கு இரண்டு தடவை கூப்பிடுகிறான்.

போனை வைத்ததும் எழுந்து போய்க் கடை முதலாளி அண்ணாச்சியிடம் சொல்லிவிட்டேன். எனக்கு இந்தத் தொழிலைக் கற்றுக்கொடுத்த மனிதர். என்னைப் போல் இல்லை, அவருக்குப் பயமே கிடையாது, அதுதான் அவரிடம் இருந்த கோளாறு. கடிதத்தைப் பார்த்தார், பல் குத்தினார்.

"இதுக்கா இப்படிப் பேயடிச்ச மாதிரி நிக்க? ஒரே பேர்ல ரெண்டு ஆளு இருக்கக்கூடாதா? அந்தத் தாத்தா வேற, இந்தத் தாத்தா வேறன்னு ஒரு பிரமாணப் பத்திரம் போடு. ஊருக்கு முப்பது பேரு இருப்பான் அந்தப் பேருல."

"அண்ணாச்சி, இது பொய்யி மேல பொய்யில்லா?"

"அதெப்படி? மொதப் பொய்யி ஒன்னுது. இது கடையோடது. நாளைக்கு அந்தப் பொம்பளைகள வரச்சொல்லிக் கையெழுத்து வாங்கிரு."

முதலாளி சொல்லிவிட்டால் நிம்மதிதானே? பாதி நிம்மதியோடு பத்திரத்தை அடித்துவைத்தேன். மறுநாள் பேச்சியம்மாளும் மாரிச்செல்வியும் வந்தார்கள். ஒன்பது நாள் மூடிவைத்த விஷயத்தை முதலில் சொன்னேன். மாரிச்செல்வி தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகித் திருகித் திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.

"அஞ்சு வருசமாக்கா?" என்றாள் கடைசியில்.

"அதுக்குத்தான் இந்தப் பத்திரம்" என்று வாசித்துக் காட்டினேன். மேற்படி சிவனணைந்தபெருமாளும் மேற்படி சிவனணைந்தபெருமாளும் வெவ்வேறு நபர்கள் என்று இதனால் உறுதி கூறுகிறேன்.

பேச்சியம்மாள் எழுந்துவிட்டாள். "எங்கப்பாவ ரெண்டு ஆளாக்குதியளா? உசுரோட இருக்கும்போது ஒத்த ஆளாக் கெடந்து பாடுபட்ட மனுசன். செத்த பொறவு இவிய ரெண்டாக்குதாவ! சரி, அந்த ரெண்டாவது ஆளுக்குத் திதி யாரு குடுப்பா? ஒங்க அண்ணாச்சி குடுப்பாரா?"

அண்ணாச்சி உள்ளிருந்து குரல் கொடுத்தார். "தாயி, இது பேப்பர்ல மட்டுந்தான். ஊர்ல அந்தப் பேருல ஆளு இல்லாமயா போச்சு?"

"இல்ல வே! அத்தன நீளத்தக் கூப்பிட வாய் வலிக்குன்னு எங்க ஊர்ல ஒருத்தனும் அந்தப் பேர வைக்கல. வந்து விசாரிச்சுப் பாரும்!"

அண்ணாச்சி அதன்பிறகு உள்ளேயே இருந்துகொண்டார். பயமில்லாத மனிதர்கள் பேச்சியம்மாளைப் பார்த்ததில்லை.

மாரிச்செல்வி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அக்கா, ஒண்ணு கேக்கேன். அத்த மவனக் கட்டுனா கனடாவுல தப்பா?"

இருபது வருடத் தொழில். அந்த நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது என்று நான் பார்க்கவே இல்லை. பஸ்ஸில் கேட்டதை வைத்து டிக் அடித்தேன் என்று எப்படிச் சொல்வது?

"தப்பா இருக்கும்னு நெனச்சேன்மா."

"நெனச்சியளா?"

அவள் போனை எடுத்தாள். மனுவோடு வரும் வழிகாட்டி அதிலேயே இருந்தது, எல்லோருக்கும் திறந்து கிடக்கும் சாமான். பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்த பெண். எழுத்துக் கூட்டி, புரியாத வார்த்தைக்கு இன்னொரு இடத்தில் அர்த்தம் தேடி, அரை மணி நேரம் வாசித்தாள். எனக்கு மின்விசிறிக்குக் கீழே வியர்த்தது.

"தப்பில்லயாம்க்கா" என்றாள். "கூடப் பொறந்தவங்க, பெத்தவங்க, அந்த மாதிரிதான் கூடாதாம். மத்தபடி அவன் சும்மா கேட்டு வச்சிருக்கான். ஆமான்னு சொன்னாப் போதும்."

சும்மா கேட்டதற்குத்தான் நான் ஒரு ஐஸ்கிரீம் வரிசையையே நிற்கவைத்திருந்தேன்.

அவள் அழுதிருக்கலாம். திட்டியிருக்கலாம். பேச்சியம்மாள் இரண்டுக்கும் தயாராக இருந்தாள். மாரிச்செல்வி போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "அப்பம் யாரு டிக் அடிச்சாங்கன்னு உள்ளதையே எழுதுவோம்க்கா. நான் கையெழுத்துப் போட்டது எந்தப்பு. அடிச்சது ஒங்க தப்பு. நீங்க எழுதித் தருவியளா?" என்றாள்.

இங்கேதான் நீங்கள் கொஞ்சம் நிற்க வேண்டும். அப்படி எழுதித் தந்தால் என் பெயர் வரும். என் பெயர் வந்தால், அந்த நாட்டின் அனுமதி எதுவும் இல்லாமல் கோப்பு போட்டுக்கொடுத்த கடை ஒன்று இருக்கிறது என்பதும் வரும். அண்ணாச்சி அதை உடனே பிடித்துக்கொண்டார். மாமியாரும் மருமகளும் வெளியே டீ குடிக்கப் போன நேரத்தில் என்னருகில் வந்தார்.

"ஏம்மா, நீ எழுதிக் குடுத்தா கடைய இழுத்து மூட வேண்டியதுதான். பேசாம அந்தப் புள்ளயே தெரியாமத் தப்பா நெரப்பிட்டேன்னு எழுதட்டும். சின்னப் புள்ளதான, மன்னிச்சிருவான்."

"மன்னிக்கலன்னா அண்ணாச்சி?"

"அது அவ தலையெழுத்து."

நியாயமாக அது என் கையெழுத்து. நான் தைரியசாலி ஆகிவிட்டேன் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு பயத்தை இன்னொரு பயம் அமுக்கியது, அவ்வளவுதான். அண்ணாச்சி கோபித்துக்கொள்வார் என்ற பயம் ஒரு பக்கம். அவசரமில்லை என்று சொல்லிச் சிரித்த அந்தப் பையன் ஐந்து வருடம் என் கனவில் லாரி ஓட்டுவான் என்ற பயம் ஒரு பக்கம். இரண்டாவது பெரிதாக இருந்தது. உட்கார்ந்து இப்படி எழுதினேன்.

நான் எட்டாம் வகுப்பு முடிக்காதவள். இந்தப் பெண்ணின் பாரத்தை நிரப்பியவள் நான். உறவு இல்லை என்று குறித்தது நான். சந்தித்த கதையும் என் கற்பனை. உண்மையைச் சொல்ல வேண்டும் என்று அவள் கேட்டாள், நான்தான் வாயை அடைத்தேன். உங்கள் சட்டத்தை நான் படிக்கவில்லை, பயந்தேன். அவர்கள் அத்தை மகனும் மாமன் மகளும். எங்கள் ஊரில் அது மறைக்க வேண்டிய விஷயமே இல்லை, அதனால்தான் பத்திரிகையிலேயே அச்சடித்திருக்கிறார்கள்.

கீழே என் பெயர், வீட்டு முகவரி. மாரிச்செல்வி தனியாக ஒரு கடிதம் எழுதினாள். மின்னஞ்சலை அவள் பெயருக்கு மாற்றினோம். இசக்கிமுத்துக்கு அவளே போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னாள். அவன் என்ன சொன்னான் என்று கேட்டேன். "அக்காகிட்ட குடுன்னாரு, நான் குடுக்கல" என்றாள். அந்த உதவியை நான் மறக்க மாட்டேன்.

மாதக் கடைசியில் அண்ணாச்சி எனக்கு ஒரு பொன்னாடை போர்த்தினார். இத்தனை வருட சேவைக்குப் பின் ஓய்வு பெறுகிறார் என்று நாலு பேர் முன்னால் பேசினார். ஓய்வு பெறுவது எனக்கே அப்போதுதான் தெரியும். இட்லி, கேசரி எல்லாம் இருந்தது. ஆகவே உங்கள் குழுவில் என்னை 'ஓய்வு பெற்ற அனுபவசாலி' என்று போட்டிருப்பது சட்டப்படி சரிதான்.

பிறகு காத்திருப்பு. நான்கு மாதம் கழித்து மாரிச்செல்வியைப் போனில் விசாரித்தார்கள். கணவனை எப்போது முதலில் பார்த்தாய் என்று அதே கேள்வி. இவள், "பாத்தது ஞாபகமில்ல சார், கடிச்சது ஞாபகமிருக்கு" என்றிருக்கிறாள். தன் மூன்று வயதில் ஒரு பலாச்சுளைக்காக அவன் இவள் முழங்கையைக் கடித்து, பேச்சியம்மாள் அவனை வேப்பங்குச்சியால் விரட்டிய கதையை முழுசாகச் சொல்லியிருக்கிறாள். மொழிபெயர்ப்பாளர் சிரித்துவிட்டாராம். இருபது வருடத்தில் நான் இட்டுக்கட்டிய எந்தக் கதைக்கும் யாரும் சிரித்ததில்லை, நான் மொழிபெயர்த்த வாட்ஸாப் 'சாப்டியா'வுக்குக் கூட.

விசா வந்தது. ஓய்வு பெற்றவளுக்கு ஏது வேலை, திருவனந்தபுரம் விமான நிலையம் வரை நானும் போனேன். பேச்சியம்மாள் முருங்கைக்காய் இரண்டு கட்டு கொண்டுவந்து, எடை கூடுகிறது என்று சொன்ன விமானக் கம்பெனிப் பெண்ணிடம் சண்டை போட்டாள். மாரிச்செல்வி உள்ளே போன பிறகு பேச்சியம்மாள் வந்து கார் ஏறினாள். அந்தக் குரல் இல்லாமல் நாகர்கோவில் தாண்டும்வரை காரே காலியாகக் கிடந்த மாதிரி இருந்தது.

போன மாதம் பேச்சியம்மாள் தச்சநல்லூரில் என் வீட்டைத் தேடிக் கண்டுபிடித்து வந்துவிட்டாள். கையில் பாஸ்போர்ட்.

"எனக்கும் ஒண்ணு போட்டுத் தாம்மா. போயி ஒரு மாசம் இருந்துட்டு வாரேன்."

எனக்கு இப்போது கடை இல்லை, கோப்பு போடுவதில்லை, நீங்களே மகனை வைத்துப் போட்டுக்கொள்ளலாம் என்றேன். நகரவில்லை. சரி, பக்கத்தில் உட்காருங்கள், ஒவ்வொரு கேள்வியாக வாசிக்கிறேன், நீங்கள் சொல்லச் சொல்ல அடிக்கிறேன் என்றேன். எதற்காகப் போகிறீர்கள் என்று ஒரு கட்டம்.

"மகனப் பாக்கன்னு போட்டுரட்டா?" என்றேன், பழக்க தோசம்.

"அவன எதுக்குப் பாக்கணும்? எட்டு வருசமா போன்லதான பாக்குதேன், நல்லாத்தான் இருக்கான் மூதி. நான் எங்கண்ணன் மவளப் பாக்கணும். வீட்ல அவ இல்லாம எனக்குச் சோறு பொங்கவே பிடிக்கல."

முன்பு என்றால், இதைப் படித்தால் அதிகாரி என்ன நினைப்பாரோ என்று 'மகன்' என்றே போட்டிருப்பேன். பயம் இப்போதும் வரத்தான் செய்தது. அவள் சொன்னதை அப்படியே அடித்தேன், சோறு உட்பட. எல்லாவற்றையும் மறுபடி முதலிலிருந்து சத்தமாக வாசித்துக் காட்டினேன்.

"சரிதானா?"

"உள்ளதுதான."

அனுப்பும் பொத்தானை அவளையே அழுத்தச் சொன்னேன்.